இமைப்பொழுதும் பொறியின் கணக்கும்

நல்லூர்த் திருவிழாவுக்கென இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பழைய மாணாக்கர் ஒருவர், சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் என் இல்லத்துக்கு வந்தார். தாம் படித்த காலத்திற் கையாண்ட நாவலர் பதிப்பு நன்னூற் காண்டிகையுரையை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுமென்றார். என் புத்தக அலுமாரியோ ஒழுங்குக்குப் பெயர்போனதன்று. ஒரு தட்டிலே தேடினேன். மறு தட்டிலே தேடினேன். இடையிலே வேறொரு நூல் கைப்பட, அதனைத் திறந்து இரண்டு பக்கம் வாசித்தும் விட்டேன். அவர் புன்னகையுடன், "ஐயா, எங்களுடைய பண்டசாலையில் ஒரு பொருளைத் தேட இவ்வளவு நேரம் எடுத்தால் மேற்பார்வையாளர் வந்து காரணம் கேட்பார்" என்றார்.

அவர் சிரித்தார், என்னாற் சிரிக்க முடியவில்லை. "நீர் தாமதித்ததை அவருக்குச் சொல்பவர் யார்?" என்று வினவினேன். "ஒருவரும் சொல்லத் தேவையில்லை, ஐயா. கையிலிருக்கும் ஸ்கேனரே சொல்லிவிடும்" என்றார். அன்று அவர் கூறியவற்றையும், பின்னர் யான் படித்தறிந்தவற்றையும் ஒருங்குவைத்து எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

இக்காலத்துப் பெரும் பண்டசாலை நம் ஊர்க் கடையின் பின்னறை போன்றதன்று. பல்லாயிரம் வகைப் பொருள்கள் அங்கே அடுக்கடுக்கான தட்டுகளில் இருக்கின்றன. ஒருவர் தம் வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசி மூலம் ஒரு பொருளுக்குக் கட்டளை கொடுக்கின்றார். பண்டசாலையின் மென்பொருள் அக்கட்டளையை வேறு பல கட்டளைகளோடு சேர்த்து, ஒரு தொழிலாளியின் ஸ்கேனருக்கு அனுப்புகின்றது. இன்ன ஒழுங்கை, இன்ன அடுக்கு, இன்ன தட்டு என்று திரையிலே எழுத்துத் தோன்றும். தொழிலாளி அங்கே நடந்து சென்று, தட்டிலுள்ள பட்டைக்குறியின்மீது ஒளியைக் காட்ட வேண்டும். பின்னர்ப் பொருளிலுள்ள பட்டைக்குறியின்மீதும் காட்ட வேண்டும். இரண்டும் பொருந்தினால் ஓர் ஒலி. பொருந்தாவிடின் மற்றோர் ஒலி. உடனே அடுத்த இடம் திரையில் வந்துவிடும்.

அமேசான் போன்ற நிறுவனங்களின் பண்டசாலைகளில் ஒரே வகைப் பொருள்களை ஓரிடத்திற் சேர்த்து வைப்பதுமில்லை. வெற்றிடம் எங்குண்டோ அங்கே வைக்கின்றனர். நூலுக்கு அருகே சவர்க்காரமும், அதற்கு அருகே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளும் இருத்தல் கூடும். எது எங்கே உள்ளதென்பதை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாது, மென்பொருளே அறியும். இதனால் இடம் மிஞ்சுகின்றது. ஒன்றுபோலத் தோன்றும் இரு பொருள்களை மாற்றி எடுக்கும் பிழை குறைகின்றது. அந்நாட்டு மொழி நன்கு தெரியாத புதியவரும் விரைவில் வேலையைப் பழகிக்கொள்கின்றார். புலம்பெயர்ந்து சென்ற நம்மவர் பலருக்குப் பண்டசாலை முதற்சோறு அளித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம். இந்நன்மைகளை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

பட்டைக்குறிக்கு அமெரிக்கரான வூட்லண்ட், சில்வர் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றனர். 1974ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி, ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் நகரக் கடையொன்றில், இன்று வழங்கும் பொதுப் பொருட்குறியைக் கொண்டு ஒரு கட்டுச் சூயிங்கம் முதன்முதலாக விற்கப்பட்டது. அன்று அக்குறி பொருளை எண்ணியது. பொருளை எண்ணும் ஒவ்வொரு முறையும், எண்ணியவர் யார், எத்தனை மணிக்கு எண்ணினார் என்பனவும் உடன் பதிவாகும் நிலை பின்னர் வந்தது. பொருளின் கணக்கு ஆளின் கணக்காக மாறியது இங்கேதான்.

ஆளின் அசைவை அளத்தல் புதிய எண்ணமன்று. தொழிலாளர் வேலைசெய்யும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு அளந்து ஆராயும் முறையைப் பரப்பிய பிரெட்றிக் டெயிலர், தம் கொள்கையை 1911இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் அக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்திலே நிற்க வேண்டியிருந்தது. நிற்பவரும் களைப்பார், உணவுக்குப் போவார். இன்றைய கடிகாரத்தையோ அளக்கப்படுபவரே கையிற் சுமக்கின்றார்.

இந்த ஸ்கேனர் எதனைக் காண்கின்றது? குறியின்மீது ஒளி படும் கணத்தை மட்டுமே காண்கின்றது. ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடைப்பட்ட காலம் அதற்கு வெறுமை. அவ்வெறுமைக்குள்ளேதான் தொழிலாளி நடந்தார், எட்டி எடுத்தார், கிழிந்த பெட்டியைச் சேர்த்துக் கட்டினார், தண்ணீர் குடித்தார், முழங்கால் வலிக்கச் சற்றே நின்றார். இவையெல்லாம் கணக்கில் ஒரே நிறமுடையன. என் மாணாக்கர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கின்றது: "பக்கத்தில் நின்ற வயதானவர் ஒருவருக்குப் பாரமான பெட்டியொன்றை இறக்கிக் கொடுத்தேன், ஐயா. அன்றைக்கு என்னுடைய எண்ணிக்கை குறைந்துபோனது. உதவி செய்ததைப் பதிவதற்கு அதிலே ஒரு பொத்தானும் இல்லை."

இக்குறை ஒருவருடைய மனத்தாங்கல் மட்டுமன்று என்பதற்குப் பிரான்சு நாட்டுத் தீர்ப்பொன்று சான்றாகும். அங்கே தனியாள் தகவல்களைக் காக்கும் அரச ஆணைக்குழு, 2023 திசம்பர் 27ஆந் திகதிய தீர்மானத்தால், அமேசானின் பிரெஞ்சுப் பண்டசாலை நிறுவனத்துக்கு 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அந்நிறுவனம் அதனை ஏற்காது மறுத்துரைத்தது. ஆணைக்குழு கண்டித்த அளவைகள் மூன்று. ஸ்கேனர் 10 நிமிடமோ அதற்கு மேலோ வாளாவிருந்தால் அது ஒரு குறி. 1 நிமிடத்துக்கும் 10 நிமிடத்துக்கும் இடைப்பட்ட ஓய்வு இன்னொரு குறி. பொருளைத் தட்டில் வைப்பவர், முந்திய பொருளைக் காட்டி 1.25 செக்கனுக்குள் அடுத்ததைக் காட்டினால், அவசரத்தாற் பிழை நேரும் என்று அதற்கும் ஒரு குறி. தாமதித்தாலும் குற்றம், விரைந்தாலும் குற்றம். ஒவ்வோர் இடைவெளிக்கும் தொழிலாளி விடைகூற வேண்டிய நிலையை இத்தகைய நுண்ணளவை உண்டாக்குகின்றது என்பதே ஆணைக்குழுவின் கருத்து.

இதனைப் படித்தபோது, அன்று தேடிக் கண்டெடுத்த நன்னூலே என் நினைவுக்கு வந்தது. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையை நம் இலக்கண ஆசிரியர் எதனால் அளந்தனர்? தொல்காப்பியரும் பவணந்தியாரும் கண்ணிமைப்பையும் கைந்நொடியையுமே அளவாக எடுத்தனர். அதுவும் மனிதர்க்கு இயல்பாக நிகழும் இமைப்பு, விரட்டப்பட்டவனுடைய இமைப்பன்று. அளவு மனிதன் உடம்பிலிருந்து பிறந்தது. பண்டசாலையிலோ அளவு முன்னே பிறந்துவிட்டது. உடம்பு அதற்குப் பொருந்த வேண்டும் என்கின்றனர். இரண்டும் அளவைதாம். ஆயினும் எது எதற்கு அளவுகோல் என்பதிலே மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை இருக்கின்றது.

அளவு வைத்து வேலை வாங்குதல் நம் நாட்டிலும் உள்ளதுதானே என்று கேட்பாருளர். உள்ளதுதான். மலையகத் தோட்டங்களிற் கொழுந்தின் நிறை குறித்த அளவுக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' போடும் வழக்கத்தை நாம் அறிவோம். அது நீதியென்று யான் சொல்லேன். எனினும் இத்தனை கிலோ என்ற எண்ணைக் கொழுந்து பறிப்பவர் அறிவார். தராசும் கண்முன்னே தொங்கும். கங்காணியோடு வாதாடவும் கூடும். மென்பொருளின் தராசு கண்ணுக்குத் தெரிவதன்று. அதனோடு வாதாட அதற்குச் செவியுமில்லை.

ஆதலினாலேதான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 2022ஆம் ஆண்டு தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்றினால், வேலையளவு இன்னதென்று தொழிலாளிக்கு எழுத்திற் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. உணவுக்கும் ஓய்வுக்கும் மலசலகூடத்துக்கும் செல்லவிடாது தடுக்கும் அளவு செல்லாது என்றும் விதித்தது. நியூயோர்க் மாநிலமும் 2022 திசம்பரில் இத்தகைய சட்டமொன்றைப் பெற்றது. மனிதன் மலசலகூடத்துக்குப் போகலாம் என்பதை எழுதிவைக்க ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே காலத்தின் நிலையைக் காட்டும்.

சட்டம் வந்த பின்னர் நிகழ்ந்தது அதனினும் கவனித்தற்குரியது. 2024ஆம் ஆண்டில், இரண்டு பண்டசாலைகளில் இவ்விதி மீறப்பட்டதென்று கலிபோர்னியத் தொழில் ஆணையாளர் அமேசானுக்கு 59 இலட்சம் டொலர் தண்டம் விதித்தார். நிலையான வேலையளவு தம்மிடம் இல்லை. ஒருவருடைய வேலையைச் சக தொழிலாளருடைய வேலையோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றோம் என்பது நிறுவனத்தின் வாதம். இவ்வாதத்தின் உட்கிடையை நோக்குக. அளவுகோல் இல்லையென்றல்ல, அது நாடோறும் நகர்கின்றது என்பதே இதன் பொருள். இளைஞன் ஒருவன் இன்று ஓடினால், நாளை முதியவரும் ஓட வேண்டும். தொழிலாளியே தொழிலாளிக்குக் கங்காணியாகின்றார். ஆனால் அதனை அவர் அறியார்.

வேகம் வேண்டாமோ, இன்று கேட்ட பொருள் நாளையே வேண்டுமென்று கேட்பவர் நாமல்லவோ என்பர். உண்மையே. பொறியை உடைத்தெறிதல் தீர்வன்று. அது இன்றிப் பல்லாயிரம் பொருள்களுள் ஒன்றைத் தேடுதல் என் அலுமாரியில் யான் தேடியது போலவே முடியும். யான் வேண்டுவது சிறிது. அளவு இன்னதென்று அளக்கப்படுபவருக்கு முன்னரே தெரிய வேண்டும். அது நாட்பட உழைக்கும் சாதாரண உடம்பை நோக்கி வகுக்கப்பட வேண்டும். இடைவெளியைக் குற்றமென்று கொள்ளுமுன் "என்ன நேர்ந்தது?" என்று ஒரு மனிதர் கேட்க வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பங்குண்டு. நாமும் புள்ளியிட்டு அளப்பவர்தாம். பக்கத்து மாணவனுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு நம் மதிப்பெண் ஏட்டிலும் இடமில்லை. நம்மிடம் படிப்போர் சிலர் நாளை அப்பண்டசாலைகளுக்குச் செல்வர். எண்ணவும் எழுதவும் கற்பிக்கின்றோம். அளவை வகுத்தவர் யார் என்று கேட்கவும் கற்பிக்கின்றோமா?

அன்று நன்னூல் கிடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அவர் அதனை வாங்கி, மாத்திரை பற்றிய பகுதியை விரித்து, நெடுநேரம் பேசாதிருந்து வாசித்தார். யான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.