நோயாளியின் சொல்லும் மருத்துவரின் பயிற்சியும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள குணசீலம் கோயிலில், சித்தம் கலங்கிய தம் மகனையோ மனைவியையோ 48 நாள் விரதமிருக்கச் செய்து சந்நிதியில் தீர்த்தம் தெளிக்கப் பெறும் குடும்பத்தார், அதற்கு முன்பே கோடாங்கியையும் மந்திரிப்பவரையும் நாடி அலைந்து, கைப்பொருளைக் கரைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் பெரும்பாலும் கடைசியாகவே வந்து சேர்கிறார்கள். வந்தவர், "நெஞ்செல்லாம் காந்துது, யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்கிறார். ஆங்கில நூல்களிலேயே இத்துறையைக் கற்ற இளம் மருத்துவர், அவ்வாக்கியத்தை இரண்டு ஆங்கிலச் சொற்களாகச் சுருக்கி நோய்க்குறிப்பில் பதிக்கிறார். பதித்த அக்கணத்திலேயே நோயாளி சொன்னது மறைந்துபோகிறது.

இது வெறும் மொழிப்பற்றால் எழும் வருத்தமன்று. செய்வினை என்று ஒருவர் நம்புவதே சித்தப்பிரமையின் லக்ஷணமாகிவிடாது. ஊரே நம்பும் ஒன்றை அவரும் நம்புகிறாரா, அல்லது ஊராரே திகைக்கும்படி அந்த நம்பிக்கை விபரீதமாக வளர்ந்திருக்கிறதா என்று, உடன் வந்த அத்தையிடமோ அண்ணனிடமோ பொறுமையாக விசாரித்தறிந்த பின்னரே நோயை நிர்ணயம் செய்ய இயலும். இந்த விசாரணையைக் கற்பிக்காத பயிற்சி, சிகிச்சையின் வேரையே விட்டுவிடுகிறது என்பது என் துணிபு.

2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரும்பாலான மனநோய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் சிகிச்சையே பெறவில்லை என்று காட்டிற்று. சிகிச்சை எட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதை, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகமொன்றில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கோரம் நமக்கு உணர்த்தியது. பின்னர் அங்கே தர்காவின் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. மருத்துவம் மக்களின் சிரத்தையோடு பகைக்காமல் அருகில் சென்று அமர்ந்த அம்முறையை, மனநல மருத்துவம் பயிலும் மாணவன் நேரில் காண வேண்டாமா?

வசதிக் குறைவே நல்ல பாடமாக அமைந்ததும் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் இடநெருக்கடி மிகுந்தபோது, டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரங்களடித்து உறவினரையும் நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது 1957 முதலே சம்பிரதாயமாயிற்று. பரிசாரகம் செய்ய ஆளில்லாத தேசத்தில் குடும்பமே பரிசாரகன் என்பதை இவ்விரண்டும் அநுபவத்தில் நிலைநாட்டின.

இன்று தேசிய மருத்துவ ஆணையம், 2021 முதல் சேர்ந்த பட்டமேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டுமென விதித்திருக்கிறது. புறநோயாளிக் கூட்டத்தைச் சமாளிக்கும் கூடுதல் கைகளாக மட்டும் அவர்களைக் கருதினால் அந்த மூன்று மாதமும் விரயமாகும். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். கிராமச் செவிலியரோடு வீடுகளுக்குச் சென்று, மாத்திரையை நடுவில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்று திண்ணையிலமர்ந்து கேட்கச் செய்யலாம். நோய்க்குறிப்பின் முதல் வரியில் நோயாளியின் சொற்களை அவர் பேசிய தமிழிலேயே, கொச்சை திருத்தாமல், எழுத வேண்டும் என்று பேராசிரியர்கள் கட்டளையிடலாம். இறுதித் தேர்விலும், பரீட்சகர்கள் பார்த்திருக்க, இந்த நோய் என்ன, மாத்திரை எத்தனை நாள் வேண்டும், கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை என்பதையெல்லாம் அந்த அத்தைக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லச் செய்து, அதற்கும் மதிப்பெண் வழங்கலாம்.