மனநல மருத்துவர் எங்கே பயில வேண்டும்?

எங்கள் வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் பெற்றோர் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்பதுண்டு: "மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள், மனநல மருத்துவம் பயில விரும்புகிறாள். எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து வருவோரில் இப்படிக் கேட்பவர் பலர். வீட்டில் ஒருவர் நோயுற்றதை அருகிருந்து கண்ட பிள்ளை இத்துறையை நாடுவதும் உண்டு. இதைப் பற்றிய எங்கள் கருத்தை மருத்துவம் பயிலும் பிள்ளை இல்லாத குடும்பங்களும் படிக்க வேண்டுகிறோம். இன்று பயிலும் அந்த மருத்துவரே நாளை உங்கள் எதிரில் அமரப்போகிறவர்.

மனநல மருத்துவத்தில் எம்.டி. மூன்றாண்டுப் படிப்பு. நீட் முதுநிலைத் தேர்வில் பெற்ற தரவரிசைப்படி கலந்தாய்வில் இடம் கிடைக்கிறது. அப்போது பெரும்பாலோர் பார்ப்பவை கல்லூரியின் பெயர், கட்டணம், வீட்டிலிருந்து உள்ள தொலைவு ஆகியவையே. இவற்றைப் பார்ப்பது தவறன்று. ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எத்தகைய நோயருக்கு வாழ்நாளெல்லாம் துணைநிற்க விரும்புகிறீர்கள்?

கடுமையான, நெடுநாள் மனநோய்களில் தேர்ச்சி பெற விழைவோருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற பெரிய நிறுவனம் ஏற்றது. 1794-இல் சென்னையில் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது அது. அங்குக் காணும் நோய்நிலைகளின் பன்மையைச் சிறிய மருத்துவமனையில் காண்பது அரிது. ஆயினும் நோயின் உச்சத்தை மட்டும் கண்டு பழகியவர், வீடு திரும்பியவரின் வாழ்வை அறியாமல் போகலாம். அக்காப்பகத்தின் தலைமைப் பொறுப்பை வகித்த டாக்டர் சாரதா மேனன், 1984-இல் மனச்சிதைவு நோயருக்காக ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். நோயரின் மறுவாழ்வும் மருத்துவத்தின் கடமையே என்பதற்கு அவ்வமைப்பே சான்று.

மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு, மகப்பேற்றுக்குப் பின் வரும் மனக்கலக்கம் ஆகியவற்றில் நாட்டமுடையோர், எல்லாத் துறைகளும் உள்ள பொது மருத்துவமனையில் பயில்வது நலம். மது, போதைப் பழக்கச் சிகிச்சையில் ஆர்வம் கொண்டோர், 1980-இல் தொடங்கப்பட்ட, அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையையும் அறிந்துகொள்ள வேண்டும். தற்கொலைத் தடுப்பை நோக்கமாகக் கொண்டோர், 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள் எவ்வாறு செவிமடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தறியலாம். குடும்பத்தாரைச் சிகிச்சையின் பங்காளிகளாகக் கருதும் முறையைக் கற்க, நோயருடன் உறவினரும் தங்கும் வழக்கமுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நல்ல இடம்.

விரும்பிய இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தரவரிசை அனுமதிக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டு, அங்கு இல்லாததைக் குறுகிய காலப் பயிற்சிகளால் ஈடுசெய்யலாம். ஆனால் எந்த இடமாயினும், சேருமுன் அங்குப் பயிலும் மூத்த மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்குமாறு கூறுவோம். ஒரே நோயரை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வாய்ப்பு உண்டா? மாணவர் குடும்பத்தாருடன் பேசும்போது ஆசிரியர் உடனிருந்து திருத்துகிறாரா? மருந்தோடு, பேச்சுவழிச் சிகிச்சையும் முறையாகக் கற்பிக்கப்படுகிறதா?

இவற்றுள் முதற் கேள்வியே தலையாயது என்பது எங்கள் கருத்து. பயிற்சி மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் பழைய துயரைத் தொடக்கத்திலிருந்து சொல்லிச் சலித்த தாய்மாரை நாங்கள் அறிவோம். "போன தடவை பார்த்த டாக்டர் எங்கே?" என்று கேட்டுவிட்டு, வாய்திறவாமலே திரும்பிய நோயரையும் அறிவோம். ஒருவரை நெடுநாள் தொடர்ந்து பார்த்த மாணவரே, நோய் மெல்ல விலகுவதையும் மீண்டும் தலைகாட்டுவதையும் உள்ளபடி உணர்வார்.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. பயிற்சி மருத்துவர் உங்கள் முன் அமர்ந்தால், அவர் எந்த ஆண்டு மாணவர், அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். அவர் உடனிருப்பதில் விருப்பமில்லையெனில் அதையும் சொல்லலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறைபடலாகாது. இசைந்தால், மனந்திறந்து பேசுங்கள். உறக்கம் முதலில் கெட்டது எந்த இரவில், அக்கம்பக்கத்தாரின் எந்தச் சொல் சுட்டது, மாத்திரையை நிறுத்தத் தூண்டியது எது என்பவை பாடநூலில் இல்லை. அவற்றை அவருக்குச் சொல்லித்தரக்கூடியவர் நீங்களே.