ஓய்வுக்கு யார் கூலி தருவது?

குளம்பழற்சி கண்ட குதிரைக்கு நீண்ட ஓய்வு தேவை என்று கால்நடை மருத்துவ நூல்கள் ஒருமித்துக் கூறுகின்றன. அக்காலத்தில் குதிரைக்கும் அதை நம்பிய குடும்பத்துக்கும் யார் உணவளிப்பது என்பதை அவை பேசுவதில்லை. தில்லியின் கல்யாணக் குதிரைகளைப் பொறுத்தவரை, நோயின் முடிவைத் தீர்மானிப்பது பேசாமல் விடப்பட்ட இக்கேள்வியே.

லேமினைட்டிஸ் எனப்படும் இந்நோயில், குளம்பின் புறச்சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய தகடுகள் அழன்று வலுவிழக்கின்றன. பிணைப்பு தளர்ந்தால் எலும்பு சுழலும். கீழே இறங்கவும் கூடும். மேலிருந்து புதிதாக வளர்ந்து இறங்கும் சுவர்தான் பழுதுற்றதன் இடத்தை நிரப்ப வேண்டும். குளம்பின் முன்பகுதி முழுமையாகப் புதுப்பிக்கப்பட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். வலிமருந்தை நிறுத்திய பின்னும் குதிரை நொண்டாமல் நடக்கிறதா, எலும்பு நிலைபெற்றதை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே மென்தரையில் சில நிமிட நடை தொடங்கும். சுமையும் கடினத் தரையும் இறுதியில்தான்.

இந்த அட்டவணையைத் தில்லியின் திருமணப் பருவத்தோடு பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே ஊர்வலங்கள் மிகுதி. நவம்பரில் நொண்டும் குதிரைக்கு ஓய்வு தந்தால் அவ்வாண்டின் வருவாயே போய்விடும். ஆகவே வலியடக்கும் ஊசி ஓய்வின் இடத்தைப் பிடிக்கிறது. வலி மறைகிறது, தகடுகளின் பழுது மறைவதில்லை. பழுதான காலைத் தரையில் அழுந்த ஊன்றவிடாமல் காத்து நின்றது அந்த வலிதான். அதையும் நீக்கிவிட்டுக் குதிரையைத் தார்ச்சாலையில் மணமகனோடு நிறுத்துகிறார்கள்.

அதே நகரில், குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக் குதிரை நொண்டினால் மருத்துவர் வருவார், லாடக்காரர் வருவார். ஓய்வின் செலவை அரசு ஏற்கும். இரண்டு குதிரைகளின் குளம்பும் ஒரே வேகத்தில்தான் வளர்கிறது. வேறுபாடு காத்திருப்பதற்கான பணத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். குதிரை வளர்ப்புத் தொழில்முனைவுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் தர 2024-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய குதிரைகளைப் பெருக்கப் பணம் உண்டு; இருக்கும் குதிரை எழுந்து நடக்கும்வரை அதற்குப் புல் போடுவதற்கு அந்த மானியத்தில் இடமில்லை.

உரிமையாளரின் அறியாமையே காரணம் என்று முடிவுரை எழுதுவது ஆய்வாளர்க்கு எளிது. குதிரை நொண்டுவதை முதலில் காண்பவர் அவரே. அவரிடம் அறிவு இல்லை என்பதைவிட அவகாசம் இல்லை என்பதே பொருந்தும். தடைசெய்தால் போதும் என்பாருக்கும் ஒரு கேள்வி உண்டு: வேலை இழந்த நோயுற்ற குதிரையை யார் வாங்குவார், எதற்காக வாங்குவார்? உரிமையாளரின் கொடுமையும் மெய்தான். ஆயினும் ஓய்வுக்கு வழி செய்யாத அரசுக்குத் தண்டிக்கும் தார்மீகத் தகுதி குறைவு.

செய்ய வேண்டியது அரிதன்று. ஓய்வுக் காலத்துக்குத் தீவன உதவித்தொகை. மீண்டும் பணிக்கு அனுப்புமுன் கட்டாய மருத்துவச் சான்று. மீளாத குதிரைக்குப் புகலிடம். இவற்றுக்குப் பின் அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்துவதே முறை.

உழைக்கும் குதிரை பற்றிய ஆய்வேட்டில் 'போதிய ஓய்வு' என்று எழுதுபவர், அடுத்த வரியில் அதன் நாட்கணக்கையும் செலவுக்கணக்கையும் எழுதட்டும். அக்கணக்கு இல்லாத பரிந்துரை குதிரைக்கு உதவாது. ஆய்வேட்டின் பக்கத்தை நிரப்ப மட்டுமே உதவும்.