அறுபது டாலர் பாதுகாப்பா?

அமெரிக்க காசினோவில் 1–2 டாலர் நோ லிமிட் போக்கர் மேசைக்கு 60 டாலர் சிப் போதும், நஷ்டம் குறையும் என்கிறார்கள். ஏற்க முடியாது.

கையில் இரண்டு ஐந்துகள், அதாவது ஒரு ஜோடி. ஒருவர் 15 டாலருக்கு ஏற்றுகிறார்; நாமும் 15 போடுகிறோம். ஃப்ளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், மூன்றாவது ஐந்து விழுவது சுமார் எட்டரை தடவைக்கு ஒருமுறைதான். மற்ற தடவையெல்லாம் 15 டாலர் போய்விடும். ஆக, விழுந்த அன்று 112 டாலருக்கு மேல் வந்தாக வேண்டும். ஆனால் எதிராளி முன்னால் ஆயிரம் டாலர் குவிந்திருந்தாலும் 60 டாலர்காரர் அவரிடமிருந்து 60-க்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது. மேசையில் அவரவர் வைத்திருப்பதற்கு மட்டுமே ஆட்டம். 200 டாலரோடு உட்கார்ந்தவருக்கு 200 வரை வழி உண்டு.

நஷ்டம் எங்கே குறைகிறது? 60 போனதும் பர்ஸிலிருந்து இன்னொரு 60 வருகிறது, பிறகு இன்னொன்று. 200 போனால் வாடகைக்கு இடிக்கும் என்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புதியவர் குறைவாக வாங்கட்டும். ரிவர் என்ற கடைசிச் சீட்டு வரை திணறாமல் ஃப்ளாப்பிலேயே மொத்தத்தையும் தள்ளிவிடலாம். அதையே ஆடத் தெரிந்தவருக்கும், அதுவும் சுற்றிலும் மோசமான ஆட்டக்காரர்கள் 300 டாலரோடு உட்கார்ந்திருக்கும்போது சொல்வது, அவர் கையைக் கட்டிப்போடும் அறிவுரை.