தலைமைத்துவம் தராசில் தெரியும்



சிறந்த தலைவருக்கு இருக்க வேண்டிய பண்புகள் யாவை என்று வினவினால், “நேர்மை, அன்பு, ஒத்துணர்வு” என உங்களில் அநேகர் வரிசையாக எழுதிவிடுகிறீர்கள். ஆனால் அப்பண்புகள் வியாபாரத்தில் என்ன வேலை செய்கின்றன என்பதை விளக்குவோர் மிகச் சிலரே. இலாபம் உழைக்கும் இடத்தில் இரக்கம் எதற்கு என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். அவ்வெண்ணம் தவறானது என்பதே எனது கருத்து. கூட்டுறவின் வரலாறு அதற்குச் சான்றாகும்.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் நெசவாளர் உட்பட 28 பேர் சேர்ந்து, 28 பவுண் மூலதனத்துடன் 1844 டிசெம்பர் 21ஆம் திகதி ஒரு சிறு கடையைத் திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி போன்ற சில பொருட்களே அங்கு இருந்தன. கலப்படமும் நிறை மோசடியும் மலிந்திருந்த காலம் அது. இவர்களோ தூய பொருள், சரியான நிறை என்பவற்றைத் தமது கொள்கையாக்கினர். ஏமாற்றப்பட்ட வீட்டின் அடுப்படி எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

அவர்களின் இன்னொரு விதி, கடனுக்கு விற்பதில்லை என்பதாகும். “ஏழைக்குக் கடன் மறுப்பது இரக்கமா?” என நீங்கள் கேட்கலாம். கையில் காசில்லாதவருக்கு அது கடினமே. ஆயினும் கடன்பட்ட குடும்பம் கடைக்காரர் தருவதை அவர் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. கடன் திரும்பி வராவிடின் அங்கத்தவர் அனைவரின் சேமிப்பும் அழிந்துவிடும். ஆகவே ஒத்துணர்வு என்பது கேட்டதைக் கொடுப்பதன்று. மற்றவரின் நிலையில் நின்று பார்த்து, அவருக்கு நன்மை தரும் முடிவை எடுப்பதாகும். கிடைத்த இலாபத்தையும் அவரவர் செய்த கொள்வனவுக்கேற்ப அவர்கள் பகிர்ந்தளித்தனர்.

கூட்டுறவில் பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. எனவே தலைவர் கட்டளையிட்டு ஆள முடியாது. நம்பிக்கையைப் பெற்றே வழிநடத்த வேண்டும். அங்கத்தவரே வாடிக்கையாளருமாவர். தராசில் சந்தேகம் வந்தால் அவர்கள் அடுத்த கடைக்குச் சென்றுவிடுவர். சர்வதேச கூட்டுறவு ஒன்றியம் 1995இல் வெளியிட்ட கூற்றில் நேர்மை, வெளிப்படைத்தன்மை, சமூகப் பொறுப்பு, பிறர் மீதான கரிசனை என்பன விழுமியங்களாகக் குறிக்கப்பட்டமை இதனாலேயே.

நமது நாட்டிலும் 1911ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. உங்கள் ஊர்ச் சங்கக்கடையும் இம்மரபில் வந்ததே. அதன் பொதுக்கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவரின் முறைப்பாட்டையும் தலைவர் பொறுமையாகக் கேட்கிறாரா? அங்கேதான் தலைமைத்துவம் சோதிக்கப்படுகிறது.

மாணவர்களே, விடை எழுதும்போது பண்பின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். அது எந்த விதியாக மாறியது, யாருக்கு என்ன பயன் தந்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த குழுச் செயற்பாட்டில் நீங்கள் தலைவரானால், பேசாமல் இருக்கும் நண்பனிடம் முதலில் அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள். இப்பாடம் அப்போது நன்கு விளங்கும்.