பென்ஷன் வருமுன் வெளியே தள்ளு!

மில் தொழிலாளிக்கு நாள் கணக்கின் சூட்சுமத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்கு என்று தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷம் சட்டம் வந்தது. முதலாளிமார் என்ன செய்தார்கள்? 480ஐ நெருங்குகிறவனுக்கு மில் கேட்டில் வேலை இல்லை என்றார்கள். சில வாரம் கழித்து வேறு டோக்கன் நம்பரில் எடுத்து, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். தலை நரைத்த பிறகும் பதிலியாகவே இருக்கும் தொழிலாளியைக் காணாத மில் ஊர் உண்டா?

இந்த வித்தை மில் கேட்டோடு நிற்கவில்லை. துப்பாக்கி தூக்கிச் சண்டைக்குப் போன சிப்பாயிடமே சர்க்கார்கள் இதைச் செய்திருக்கின்றன. பட்டாளத்துக்காரன் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன், அவனுக்கென்ன குறைச்சல் என்று நம் தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் நேபாளத்துக் கூர்க்காவின் கதையைக் கேட்க வேண்டும்.

1815ஆம் வருஷத்திலிருந்து வெள்ளைக்காரன் கூர்க்காக்களைப் பட்டாளத்துக்கு எடுத்து வந்தான். மலைச் சரிவில் துண்டு நிலத்தை வைத்துக் கொண்டு வயிறு நிறையாத குடியானவனின் பிள்ளைகள் அவர்கள். 1947இல் வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனபோது, அண்ணன் தம்பி மாடு கன்றைப் பாகம் பிரிப்பதுபோல, இருந்த 10 கூர்க்கா ரெஜிமெண்டுகளில் 4ஐ லண்டன் எடுத்துக் கொண்டது. 6 டில்லிக்கு வந்தன. அந்த வருஷம் நவம்பரில் மூன்று சர்க்கார்களும் கையெழுத்துப் போட்டன. பிரிட்டிஷ் கொடியின் கீழ் நிற்கும் கூர்க்காவுக்கும் அடிப்படைச் சம்பளம் இந்தியப் பட்டாளத்து விகிதப்படிதான்! பென்ஷன் வேண்டுமானால் 15 வருஷம் சர்வீஸ் நிறைய வேண்டும்.

அந்த நான்கு ரெஜிமெண்டுகளையும் எங்கே அனுப்பினார்கள்? மலாயாவுக்கு. 1948 முதல் 1960 வரை ரப்பரையும் வெள்ளீயத்தையும் காப்பாற்ற ஏகாதிபத்தியம் நடத்திய யுத்தம் அது. தஞ்சை ஜில்லா தம்பிக்கோட்டையில் பிறந்து, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான தோழர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிட்டார்களே, அந்த ஆட்சியின் யுத்தம். கங்காணி பிடித்துக் கொண்டுபோன தமிழன் ரப்பர்ப் பால் வெட்டுகிற தோட்டங்களில், நேபாளத்து ஏழையைத் துப்பாக்கியோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு ஏழைக்கு எதிரே இன்னொரு ஏழை! அந்த ரப்பரில் கூர்க்காவுக்கு ஒரு துளி பங்கு உண்டா? பிறகு 1963 முதல் 1966 வரை போர்னியோக் காட்டில் சண்டை.

சண்டை முடிந்தது. லண்டனில் அப்போது ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி சர்க்கார். பெயரில்தான் தொழில்! 1967இல் பவுனின் மதிப்பைக் குறைத்தார்கள். சூயஸுக்குக் கிழக்கே படை வைக்கக் கட்டுபடியாகாது, செலவை வெட்டு என்றார்கள். யார் தலையில் விழுந்தது வெட்டு? ஏறக்குறைய 14,000 பேர் இருந்த கூர்க்காப் படை சில வருஷத்தில் 8,000 அளவுக்குக் குறைந்தது. 15 வருஷம் நிறையாத ஆயிரக்கணக்கானோரின் கையில் ஒரு மொத்தத் தொகையைத் திணித்து, மாதப் பென்ஷன் இல்லாமல் மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இவர்கள் தாமாக வேலையை விட்டவர்கள் அல்ல. குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களும் அல்ல. சர்வீஸ் நிறையவில்லை என்றது சர்க்கார். நிறையவிடாமல் செய்தது யார்? அதே சர்க்கார்!

1969இல் கூர்க்காக்களுக்கென்று ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். பென்ஷன் இல்லாத பழைய சிப்பாய்களுக்கு அதிலிருந்து உதவித் தொகை. உரிமையாக வர வேண்டிய காசு தர்மக் காசாக வந்தது. நன்கொடை போட்ட சாதாரண ஆங்கில ஜனங்களை நாம் குறை சொல்லவில்லை. 2009இல் பழைய கூர்க்காக்களுக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை கேட்டு நின்றவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அந்த உரிமை கிடைத்தது. பென்ஷன் வழக்கு மட்டும் தீரவில்லை. 2021 ஆகஸ்டில் லண்டனில் பிரதமர் வாசஸ்தலத்துக்கு எதிரே முன்னாள் கூர்க்காக்கள் 13 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அந்நிய நாட்டான் என்பதால் கூர்க்காவுக்கு இந்தக் கதி என்று நினைத்தால் அது தவறு. அமெரிக்காவில் பென்ஷனுக்கு 20 வருஷம். அதற்கு 6 வருஷத்துக்குள் நெருங்கிவிட்ட அதிகாரியைச் சாதாரணமாக நீக்கக் கூடாது என்பது அவர்கள் ராணுவ இலாகாவே எழுதி வைத்த விதி. 2011இல் விமானப் படை அப்படி நெருங்கியிருந்த 157 அதிகாரிகளை வெளியே அனுப்பியது. அந்த நீக்கத்துக்குக் கையாண்ட முறை விதிக்கு முரணானது என்று அப்பீல் கோர்ட் சொல்வதற்குள் 2020 ஏப்ரல் வந்துவிட்டது. சொந்த நாட்டு மேஜரையே விடாதவர்கள் யாரை விடுவார்கள்?

நம் டில்லி சர்க்கார் மட்டும் யோக்கியமா? 1992 முதல் பட்டாளத்தில் பெண்களைக் குறுகிய காலச் சேவையில் அதிகாரிகளாக எடுத்தார்கள். நீட்டி நீட்டி 14 வருஷம் வரை வேலை வாங்கினார்கள். அதிகாரிக்குப் பென்ஷன் 20 வருஷத்தில். 14இல் கதவைச் சாத்தினால் பென்ஷன் ஏது? 2003இல் டில்லி ஹைகோர்ட்டில் தொடங்கிய வழக்கு 2020 பிப்ரவரி 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. 14 வருஷம் தாண்டியவர்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டாலும், 20 வருஷம் நிறையும்வரை வைத்திருந்து பென்ஷன் கொடு என்றது தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் படித்து, வக்கீல் வைக்க முடிந்த அதிகாரிகளுக்கே 17 வருஷம் பிடித்ததென்றால், எழுத்தறியாத கூர்க்கா 1968இல் எந்தக் கோர்ட்டுப் படியேறியிருப்பான்?

பென்ஷன் வரும் நேரத்தில் தள்ளினால் வழக்கு வருகிறது, கெட்ட பெயரும் வருகிறது. ஆகவே சேர்க்கும்போதே பென்ஷன் எட்டாதபடி கணக்கை எழுதிவிட்டால் என்ன? 2022 ஜூன் 14ஆம் தேதி டில்லி அறிவித்த அக்னிபாத் இதுதான். ஜவானுக்குப் பென்ஷன் 15 வருஷத்தில். வேலையோ 4 வருஷம்! நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரம் கிடையாது. முதல் வருஷம் 46,000 பேரை எடுப்போம் என்றார்கள். அந்தக் கணக்கில் 34,500 பேர் பென்ஷனும் கிராஜுவிட்டியும் இல்லாமல் இருபத்தேழு வயதுக்குள் வீடு திரும்ப வேண்டும். 15 வருஷத்தை எட்டுமுன் லண்டன் செய்த ஆட்குறைப்பை, டில்லி ஆளெடுப்பு நோட்டீசிலேயே அச்சடித்துவிட்டது.

போகும்போது 11 லட்சத்து 71 ஆயிரம் கொடுக்கிறோமே என்கிறார்கள். கொடுக்கிறது யார் பணம்? மாதச் சம்பளத்தில் 30 சதவிகிதம் பிடித்தம். 4 வருஷத்தில் அது 5 லட்சத்து 2 ஆயிரம். அது சிப்பாயின் சொந்தக் காசு! சர்க்கார் போடுவது அதே அளவு; மிச்சம் வட்டி.

பென்ஷன் செலவு தாங்கவில்லை என்று மூக்கால் அழுகிறார்கள். 2022-23 பட்ஜெட்டில் ராணுவப் பென்ஷனுக்கு ஒதுக்கியது சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் கோடி ரூபாய். லட்சோபலட்சம் குடும்பங்களின் கஞ்சி அது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியைக் குறைத்தார்களே, அதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வரவு குறையும் என்று நிதி மந்திரியே சொன்னார். அதைத் தாங்கிய கஜானாவுக்குச் சிப்பாயின் கஞ்சி மட்டும் பாரமா?

2022 ஆகஸ்டில் நேபாள சர்க்கார், 1947 ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்று சொல்லி, இந்தியப் பட்டாளத்துக்குக் கூர்க்காக்களை எடுப்பதை நிறுத்தி வைத்தது. 1960களில் பட்ட நாடு அல்லவா? வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற பட்டாளத்து ஊர்களிலும், விவசாயக் கூலியின் குடிசையிலும் பிறந்த பையனுக்காக அப்படி நிறுத்தச் சொல்ல இன்னொரு சர்க்கார் கிடையாது. அவனுக்காகக் கேட்க வேண்டியவர்கள் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும்தான். அக்னிபாத்தை ரத்து செய் என்று இடதுசாரிக் கட்சிகள் 2022 ஜூனிலேயே கேட்டன. அதோடு இன்னொன்றையும் கேட்போம்: சர்க்காரே வெளியே அனுப்புகிற சிப்பாய்க்கு, அவன் உழைத்த வருஷத்துக்குத் தக்க பென்ஷன் கொடு! முதல் அணி உள்ளே போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். அவர்களுடைய நாலு வருஷம் 2026 கடைசியிலிருந்து முடியத் தொடங்குகிறது.