தொழில் ரகசியம்

முந்தலிலிருந்து மலையேறிப் போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருந்தேன். அங்கே ஒரு சிறு முதலாளி ஏலக்காய் உலர்த்தும் கூடம் வைத்திருந்தார். காய்ந்த காயெல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது.

"நிறம் எப்படி இப்படி நிற்கிறது?" என்று கேட்டேன்.

மனிதர் முகம் மாறிவிட்டது. "அது தொழில் ரகசியம் ஸார். அப்பா காலத்திலேயிருந்தே வெளியே சொல்றதில்லை."

அந்த ரகசியத்தை நானே சொல்லிவிடுகிறேன். சலவைச் சோடாவை நூற்றுக்கு 2 பங்கு கரைத்த தண்ணீரில் பச்சைக் காயை 10 நிமிஷம் ஊறவைத்து, பிறகு மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். சோடா புளிப்பை அடக்குவதால் பச்சையம் கெடுவதில்லை. ஏலக்காய் பதப்படுத்துவது பற்றிய கையேடுகளில் அச்சாகியிருக்கிற சங்கதி இது!

"சின்ன முதலாளிக்கு வேறென்ன சொத்து இருக்கிறது? ரகசியமும் போனால் பெரிய கம்பெனி விழுங்கிவிடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான பயந்தான். ஆனால் பெரிய கம்பெனிக்கு ஆராய்ச்சிக்கூடம் உண்டு, ரசாயனம் படித்தவர்கள் உண்டு; அது வாயை மூடிக்கொண்டே பிழைத்துக்கொள்ளும். ஓர் அடுப்பும் நாலு ஆட்களும் வைத்திருப்பவனுக்குப் பக்கத்துத் தோட்டக்காரன்தான் ஆராய்ச்சிக்கூடம். அவனிடமும் பேசாவிட்டால் இவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

இதே மலையில் நடந்ததைப் பாருங்கள். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேறிய செடியைத் தேர்ந்து பெருக்கினார். 1990-களில் அந்தக் கன்றுகள் தோட்டம் தோட்டமாகப் பரவின. மலையின் விளைச்சலே உயர்ந்தது. 'ஞள்ளானி' என்ற அவருடைய வீட்டுப் பெயரே அந்த ரகத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அந்தச் செடி அவர் வேலிக்குள்ளேயே நின்றிருந்தால் யாருக்கு என்ன லாபம்?

நன்மை மட்டுமல்ல, கேடும் வேலி பார்ப்பதில்லை. 2018-ல் பூச்சிமருந்தின் எச்சம் இருக்கிறதென்று சவூதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பியபோது, கெட்ட பெயர் ஒரு கூடத்துக்கா வந்தது? இந்திய ஏலக்காய்க்கே வந்தது. எந்த மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதையும் அவரவர் ரகசியமாக வைத்துக்கொண்டால் யார் கரையேறுவது? மைலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போய்க் கேட்கத்தான் கௌரவம் இடம் தருவதில்லை. கேட்கக் கூசுகிற கூச்சத்துக்கே தொழில் ரகசியம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

இவ்வளவையும் அந்த மனிதரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சோடா விஷயம் உங்களுக்கு யார் ஸார் சொன்னது?" என்றார்.